முதலில் “என்ன நடந்தது?” என்று கேளுங்கள்: பாகுபாட்டுப் புகார்களை விசாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அலுவலகம், கல்லூரி, மருத்துவமனை, தொழிற்சாலை என்று எங்கெங்கோ பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் குழுக்களில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் பெரும்பாலானவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் அந்த நாற்காலிக்கு வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். ஏழு ஆண்டுகள் ஒரு பணியிடப் புகார்க் குழுவில் உறுப்பினராக இருந்தேன். அப்போது நாங்கள் தள்ளுபடி செய்த புகார்களில் ஒன்று என்னை இன்னும் விடவில்லை.

துப்புரவுப் பிரிவில் வேலை செய்த பெண்மணி அவர். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. வலது காதுக்குப் பின்னால் காதுக் கருவி மாட்டியிருப்பார். அவருடைய மேற்பார்வையாளர் தினமும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் அவருக்கு வேலை சொல்வார். காதில் விழவில்லை என்று மறுபடி கேட்டால், “உங்க ஆளுங்களுக்கு ஒரு தடவை சொன்னா ஏறாதே” என்பார். இன்னொரு நாள், “இந்த வயசுல வீட்ல இருக்க வேண்டியதுதானே” என்பார். சொன்ன வேலையைச் செய்யவில்லை என்று பதிவேட்டில் குறிப்பு ஏறும். அப்படி மூன்று குறிப்புகள் சேர்ந்ததும் அந்த ஆண்டு அவருடைய ஊதிய உயர்வு நின்றுபோனது. அதன்பிறகுதான் எங்களிடம் வந்தார்.

படிவத்தை நிரப்ப நான்தான் உதவினேன். ‘பாகுபாட்டுக்கான காரணம், ஏதேனும் ஒன்றை மட்டும் குறிக்கவும்’ என்று அச்சடித்திருந்தது. கீழே கட்டங்கள்: பால், வயது, உடல் குறைபாடு, பிறந்த சமூகம், மதம், மொழி, பிற. அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா முனை வயதுக்கும் உடல் குறைபாட்டுக்கும் நடுவில் நின்ற இடத்தில் மை கசிந்து பொட்டாக ஊறியது.

“இதுல ஒண்ணுதான் போடணுமா தம்பி?”

“ஆமாக்கா, எது முக்கியமோ அதைப் போடுங்க.”

கடைசியில் உடல் குறைபாட்டுக்கு டிக் போட்டார். “காதுதானே வெளியில தெரியுது” என்றார்.

நாங்கள் விசாரித்தோம். கணக்குப் பிரிவில் காதுக் கருவி அணிந்த ஆண் ஊழியர் ஒருவர் இருந்தார். அவருக்கு எல்லா உத்தரவுகளும் எழுத்திலேயே போய்க்கொண்டிருந்தன. அவரிடம் எந்தக் குறையும் இல்லை. துப்புரவுப் பிரிவிலேயே இவரைவிட வயதில் மூத்த பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களும் மேற்பார்வையாளரைப் பற்றித் தப்பாக எதுவும் சொல்லவில்லை. இவருடைய சமூகத்தைச் சேர்ந்த இளைஞர்கள் சிலர் அதே மேற்பார்வையாளரின் கீழ் வேலை செய்தார்கள். நல்ல மாதிரிதான் நடத்துகிறார் என்றார்கள். ஆக, உடல் குறைபாடு காரணம் இல்லை, வயது காரணம் இல்லை, சமூகமும் காரணம் இல்லை. ‘போதிய ஆதாரம் இல்லை’ என்று எழுதி மூன்று வரியில் முடித்தோம். நானும் கையெழுத்துப் போட்டேன்.

அந்த மூன்று வரியும் தனித்தனியாகப் பார்த்தால் உண்மைதான். எங்களில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரையும் காப்பாற்றவும் நினைக்கவில்லை. ஆனால் வயதான, காது மந்தமான, அந்தச் சமூகத்தில் பிறந்த, துப்புரவு வேலை செய்கிற பெண்ணாக அந்த இடத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான். அவரோடு ஒப்பிட எங்களிடம் இன்னொருவர் இல்லை. அவரை மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொருவரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, ‘பாருங்கள், இவர் நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று சொல்லியிருக்கிறோம்.

இதே காரியத்தை 1976-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று செய்திருக்கிறது என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். எம்மா டிகிராஃபன்ரீட் உட்பட ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது போட்ட வழக்கு அது. 1964-க்கு முன்னால் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. பிறகு எடுத்தது. பொருளாதார மந்தம் வந்து ஆட்குறைப்பு செய்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்ற பணிமூப்பு விதியைக் கடைப்பிடித்தது. 1970-க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேரும் வெளியே போனார்கள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் முன்பே சேரும் வாய்ப்பு அவர்களுக்கு மட்டும் கிடைத்திருக்கவில்லை.

நீதிமன்றம் என்ன சொன்னது? பெண் என்பதால் பாகுபாடா? இல்லை, நிறுவனம் 1964-க்கு முன்பிருந்தே பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது. அந்தப் பெண்கள் வெள்ளையர்கள் என்பது கணக்கில் வரவில்லை. இனத்தால் பாகுபாடு என்றால் அதற்குத் தனியாக வேறொரு வழக்கு இருக்கிறது, அதோடு சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு புதிய பெரிய நிவாரணத்தைக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. இதைப் படித்தபோது எங்கள் மூன்று வரி என் கண்முன்னால் வந்து நின்றது.

சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் எழுதிய கட்டுரையில் இந்த வழக்கை எடுத்துக்கொண்டு ஓர் உவமை சொன்னார். நாற்சந்தியின் நடுவில் நிற்கிறவரை எந்தப் பக்கத்திலிருந்து வரும் வண்டியும் இடிக்கலாம். சில நேரம் நான்கு பக்கத்திலிருந்தும் இடிக்கலாம். பிறகு தரையிலுள்ள சக்கரத் தடத்தைப் பார்த்து, காயம் எந்த வண்டியால் ஏற்பட்டது என்று பிரித்துச் சொல்வது கடினம். பிரிக்க முடியாததால் எந்த ஓட்டுநர் மீதும் பொறுப்பு விழுவதில்லை, அடிபட்டவருக்கு மருந்தும் கிடைப்பதில்லை என்று அவர் எழுதினார். ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் பாகுபாடுகளைக் குறிக்க அவர் வைத்த ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ (intersectionality) என்ற பேர் பிறகு உலகம் முழுவதும் பரவியது. எனக்கு அந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியம். எந்த வண்டி என்று தெரியவில்லை என்பதற்காகக் காயமே இல்லை என்று ஆகிவிடுகிறது.

சட்டங்கள் இதோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றின் காரணமாக ‘மட்டும்’ பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 1981-இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்களின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது இந்த ‘மட்டும்’ என்ற சொல் பெரும் சுமையாகிவிட்டது. பாலின் காரணமாக மட்டும் காட்டும் பாகுபாட்டைத்தான் அரசமைப்பு தடுக்கிறது. பாலோடு வேறு காரணங்களும் சேர்ந்திருந்தால் அந்தத் தடை பொருந்தாது என்று நீதிமன்றம் விளக்கம் சொன்னது. முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்ற விதியை ரத்து செய்த தீர்ப்புதான் அது. அப்படியும் அந்த விளக்கம் பல ஆண்டுகள் நிழல் போல நீடித்தது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2021-இல், அதே நீதிமன்றம் ஒரு பாலியல் வன்முறை வழக்கில், பிறவியிலேயே பார்வையற்ற, பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஒருவருக்கு நேர்ந்ததைப் பற்றி எழுதும்போது, பால், சாதி, உடல் குறைபாடு மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை விரிவாக எடுத்துச் சொன்னது. ஆனாலும் குற்றம் சாதி அடையாளத்தின் காரணமாக நடந்தது என்பதற்குத் தனிச் சான்று இல்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனையை மட்டும் நீக்க வேண்டியதாயிற்று. குற்றம் நடந்த காலத்துச் சட்டத்தின் வாசகம் அப்படி. பிரச்சினையை அவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்ட நீதிபதிகளுக்கே அங்கே கை கட்டிப்போனது. கனடா 1998-இல் தன் மனித உரிமைச் சட்டத்தைத் திருத்தி, பல காரணங்கள் சேர்ந்து விளைவிக்கும் பாகுபாடும் பாகுபாடுதான் என்று ஒரு வரி சேர்த்தது. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இரண்டு காரணங்களைச் சேர்த்துச் சொல்ல ஒரு பிரிவு வைத்தது; அந்தப் பிரிவு நடைமுறைக்கே வரவில்லை.

சட்டத்தைத் திருத்துவது உங்கள் கையில் இல்லை. படிவத்தைத் திருத்துவது உங்கள் கையில்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால், நம்மைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

எங்கள் குழுவில் இளைஞர் ஒருவர் இருந்தார். நானும் அவரும் பெரும்பாலும் ஒரே நேரத்தில்தான் வருவோம். கழுத்தில் அடையாள அட்டையைச் சட்டைக்கு வெளியே தெரியும்படி எப்போதும் தொங்கவிட்டிருப்பார். கூட்டம் முடிந்து வெளியே போனாலும் கழற்ற மாட்டார். ஒழுங்கானவர் என்று நான் நினைத்துக்கொள்வேன். என் அட்டை பையின் அடியில் எங்கோ கிடக்கும். ஒருநாள் பேச்சுவாக்கில் ஏன் எப்போதும் அதை மாட்டிக்கொண்டே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அது இல்லாம வாசல்ல என்னை யாரும் உள்ள விட்டதில்ல சார். முதல் வாரமே நிறுத்திட்டாங்க. உங்களைப் பார்த்தா கும்பிடு போடறாங்க.”

நான்கு ஆண்டுகளாக அதே வாசல், அதே காவலாளி. இருவரும் இரண்டடி இடைவெளியில் நடந்து போயிருக்கிறோம். என் முகம், நிறம், நான் பேசுகிற தோரணை எல்லாம் எனக்கு அட்டையாக இருந்திருக்கின்றன. அவருக்கு அந்த அட்டையே முகமாக இருந்திருக்கிறது. எனக்கு நடக்காத ஒன்றை எனக்கு முன்னாலேயே நடந்தும் நான் பார்க்கவில்லை. இது என் கண்ணின் குறை என்பதைவிட நான் நின்ற இடத்தின் குறை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த இடத்திலிருந்துதான் நான் மற்றவர்களின் புகார்களுக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மனிதர்களைப் பிரிக்கப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படுவதில்லை. இதைச் சோதித்துக் காட்டியவர் ஹென்றி தாஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்து, ஜெர்மானியரிடம் கைதியானவர். போலந்து யூதர் என்பது தெரிந்திருந்தால் உயிர் மிஞ்சியிருக்காது. பிரெஞ்சுக்காரராகக் காட்டிக்கொண்டுதான் தப்பித்தார். திரும்பி வந்தபோது குடும்பத்தில் கிட்டத்தட்ட யாரும் உயிரோடு இல்லை. அவரைக் காவல் காத்தவன் அவரோடு எவ்வளவு நல்லபடியாகப் பழகியிருந்தாலும் அந்த ஒரு அடையாளம் வெளியே வந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பிற்காலத்தில் பிரிட்டனின் பிரிஸ்டலில் உளவியல் பேராசிரியராக இருந்தபோது, பள்ளிப் பையன்களைக் கூப்பிட்டுத் திரையில் புள்ளிகளைக் காட்டி எண்ணிக்கையை ஊகிக்கச் சொன்னார். கூடுதலாக ஊகித்தவர்கள், குறைவாக ஊகித்தவர்கள் என்று இரண்டு குழுவாகப் பிரித்ததாகச் சொன்னார். உண்மையில் அது கண்ணை மூடிக்கொண்டு பிரித்த பிரிவு. அப்புறம், முகம் தெரியாத மற்ற பையன்களுக்குப் பரிசுப் பணத்தைப் பங்கு போடச் சொன்னார். பையன்கள் தங்கள் குழுவுக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். தங்கள் குழுவுக்கு மொத்தத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட அதிகம் கிடைத்தால் போதும் என்று தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு. இந்த ஆய்வு 1971-இல் வெளிவந்தது.

அந்தப் பையன்களின் பிரிவுக்குப் பின்னால் வரலாறு இல்லை, வறுமை இல்லை, ஒருவரின் கையில் அதிகாரமும் இன்னொருவரின் கையில் துடைப்பமும் இல்லை. வாழ்க்கையில் நாம் சுமக்கும் அடையாளங்களுக்குப் பின்னால் இவை எல்லாம் இருக்கின்றன. எல்லா அடையாளமும் ஒரே எடையில் அழுத்துவதில்லை. அதனால்தான் ‘எல்லோருக்கும்தான் ஏதாவது ஒரு இடத்தில் அவமானம் நடக்கிறது’ என்று விசாரணை அறையில் யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. எனக்கும் சில இடங்களில் நடந்திருக்கிறது. வெளியே வந்ததும் அது முடிந்துவிட்டது. அந்த இளைஞருக்கு அது அடுத்த நாள் காலையிலும் வாசலில் காத்திருந்தது.

அடுத்து, ஆதாரம். ‘ஆதாரம் இருக்கிறதா?’ என்று நாம் புகார் கொடுத்தவரைக் கேட்கிறோம். அவரிடம் இருப்பது அவருக்கு நடந்தது மட்டும்தான். பாகுபாடு தெரிய வேண்டுமானால் இன்னொருவருக்கு என்ன நடந்தது என்பதும் தெரிய வேண்டும். பொருளியலாளர்கள் மரியான் பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். சிலவற்றில் வெள்ளையர்களின் பெயர் போலத் தோன்றும் பெயர்கள், மற்றவற்றில் கறுப்பினத்தவரின் பெயர்கள். தகுதியில் வித்தியாசம் வைக்கவில்லை. முதல் வகைக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பு வந்தது. இரண்டாவது வகைக்குப் பதினைந்துக்கு ஒன்று. அந்த ஆய்வு 2004-இல் வெளியானது. 2007-இல் சுகதேவ் தோராட்டும் பால் அட்டவெல்லும் வெளியிட்ட ஆய்வு இந்தியாவில் தனியார் வேலை விளம்பரங்களுக்கு அதே போல விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தது. தலித், முஸ்லிம் பெயர்களுக்கு, உயர்சாதி இந்துப் பெயர்களைவிட அழைப்பு குறைவாகவே வந்தது.

யோசித்துப் பாருங்கள். அழைப்பு வராத ஒருவருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. தபால் வரவில்லை, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால்தான் அங்கே ஒரு கதவு மூடியிருப்பது தெரிகிறது. அந்த அடுக்கு யாரிடம் இருக்கிறது? உங்களிடம். யாருக்கு ஊதிய உயர்வு வந்தது, யாருக்கு நின்றது, யாருடைய பதிவேட்டில் குறிப்பு ஏறியது என்ற விவரம் எல்லாம் நிறுவனத்தின் அலமாரியில் இருக்கிறது. ஆதாரத்தை மட்டும் வெறுங்கையோடு வந்தவரிடம் கேட்கிறோம்.

விவரம் இருந்தாலும் அதை எப்படிப் பார்க்கிறோம் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபே கிராஸ்பி என்ற உளவியலாளரும் உடன் இருந்தவர்களும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒரு நிறுவனத்தின் பல துறைகளில் ஆண், பெண் ஊழியர்களின் தகுதியையும் சம்பளத்தையும் மாணவர்களுக்குக் காட்டினார்கள். ஒவ்வொரு துறையாகத் தனித்தனியே காட்டியபோது பாகுபாடு அவர்களுக்குப் புலப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு காரணம் இருக்கும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் சேர்த்துக் காட்டியதும் கண்ணில் பட்டுவிட்டது. நாம் புகார்களை எப்படிப் பார்க்கிறோம்? ஒவ்வொன்றாக, ஒவ்வொரு கோப்பாக, ஒவ்வொரு மாதக் கூட்டத்தில் ஒன்றாக.

“அப்படி இருந்தால் இன்னும் பல பேர் புகார் கொடுத்திருப்பார்களே?” நான் இருந்த குழுவில் இதை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. கிராஸ்பி அதற்கு முன்பே, 1982-இல், வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி எழுதியிருந்தார். பெண்களுக்குப் பாகுபாடு நடக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்றார்கள். உங்களுக்கு? எனக்கு அப்படியொன்றும் இல்லை என்றார்கள். பின்னர் கனடாவின் மான்ட்ரியலில், ஹைதியிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் குடியேறிய பெண்களிடம் கேட்டபோதும் இதே போக்குதான் தெரிந்தது. தன் கூட்டத்துக்கு நடப்பதாகச் சொல்லும் அளவுக்குத் தனக்கு நடப்பதாக மனிதர்கள் சொல்வதில்லை. சொன்னால் நாளைக்கும் அதே இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும். நம்மை இழிவாகப் பார்க்கிறார்கள் என்பதைத் தினமும் நினைவில் வைத்துக்கொண்டு யாரால் வேலை செய்ய முடியும்? அதனால் புகார் வரவில்லை என்பதை, ஒன்றும் நடக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக வைக்காதீர்கள்.

சொல்கிறவருக்கு என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். ஷெரில் கைசர், கரோல் மில்லர் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வில் தோற்ற ஒரு கறுப்பின மாணவரைப் பற்றி மற்ற மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். அவர் தன் தோல்விக்குப் பாகுபாடுதான் காரணம் என்று சொன்னதாகச் சிலருக்கு. தன் பதில்கள் சரியில்லை என்று சொன்னதாகச் சிலருக்கு. பாகுபாடு என்று சொன்னபோது, ‘இவர் எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறவர்’ என்று மதிப்பிட்டார்கள். விடைத்தாளைத் திருத்தியவர்கள் அத்தனை பேரும் பாகுபாடு காட்டுகிறவர்கள்தான் என்று தெளிவாகச் சொல்லியிருந்தபோதும் அப்படித்தான் மதிப்பிட்டார்கள். அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தும் அவரைப் பிடிக்கவில்லை. அந்தப் பெண்மணி அறையை விட்டு வெளியே போனதும் எங்கள் மேசையைச் சுற்றி முதலில் வந்த வார்த்தை, “இவங்க கொஞ்சம் அப்படித்தான்.”

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. பாகுபாட்டை அடிக்கடி சந்திக்கிறவருக்குத் திட்டு மட்டும் சந்தேகமாகிவிடுவதில்லை, பாராட்டும் சந்தேகமாகிவிடுகிறது. 1991-இல் ஜெனிஃபர் கிராக்கரும் கூட்டாளிகளும் செய்த சோதனையில், கறுப்பின மாணவர்களை ஒரு வெள்ளையர் மதிப்பிடுவதாகச் சொன்னார்கள். நடுவில் கண்ணாடி. சிலருக்கு அதன் திரை திறந்திருந்தது, அவரால் இவர்களைப் பார்க்க முடியும் என்று நம்பினார்கள். சிலருக்கு மூடியிருந்தது. பார்க்கிறார் என்று நம்பியவர்களுக்கு நல்ல மதிப்பீடு வந்தபோது சுயமதிப்பு உயரவில்லை, இறங்கியது. என் வேலைக்காகச் சொன்னாரா, என் நிறத்தைப் பார்த்துச் சொன்னாரா? அந்தக் கேள்வி நல்ல வார்த்தையையும் தின்றுவிட்டது. எங்கள் குழுவிலிருந்த இளைஞரை ஒருமுறை எல்லோர் முன்னாலும் பாராட்டியபோது அவர் முகம் மாறாமல் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டேன்.

சரி, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லாப் புகாரும் சரியாக இருக்குமா? இருக்காது. 1980-இல் ராபர்ட் கிளெக், ஏஞ்சலோ ஸ்ட்ரெண்டா இருவரும் செய்த சோதனையில், சிலருடைய முகத்தில் ஒப்பனையால் வடு வரைந்து கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு, காயாமல் இருக்க ஏதோ தடவுவதாகச் சொல்லி, அவர்களுக்குத் தெரியாமலே வடுவைத் துடைத்துவிட்டார்கள். வடு இருப்பதாகவே நம்பிப் பேசப் போனவர்கள், எதிரில் இருந்தவர் தங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார் என்று திரும்பி வந்து சொன்னார்கள். எதிர்பார்ப்பு நம் கண்ணையும் கொஞ்சம் வளைக்கிறது. உண்மைதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு ‘எல்லாம் மனப்பிரமை’ என்று கோப்பை மூடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சோதனையில் வடு இருப்பதாக நம்பியது கொஞ்ச நேரம்தான். நிஜத்தில் வடுவோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த எதிர்பார்ப்பு சும்மா வந்துவிடவில்லை. ஒரு விஷயத்தில் அவர்கள் தவறலாம், போக்கில் தவறுவது அரிது.

இந்தச் சோதனையும் நான் கேட்க வருகிற இடத்துக்குத்தான் கொண்டுவருகிறது. வடு இருக்கிறதா, எதனால் பார்த்தார்கள் என்ற தர்க்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் என்ன நடந்தது என்று கேளுங்கள். எந்த நாள், எந்த இடம், யார் இருந்தார்கள், என்ன வார்த்தை, முகத்தைப் பார்த்துச் சொன்னாரா முதுகைக் காட்டிச் சொன்னாரா, பிறகு பதிவேட்டில் என்ன ஏறியது. பொய்ப் புகாரும் இந்தக் கேள்விகளில்தான் தடுமாறும், உண்மைப் புகாரும் இதில்தான் நிற்கும். ‘எதனால்?’ என்று முதலில் கேட்டால் இரண்டுமே ஒரே மாதிரி ஊகமாகத்தான் தெரியும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. சமூக ஆய்வாளர் டேவிட் வில்லியம்ஸும் கூட்டாளிகளும் 1997-இல் வெளியிட்ட அன்றாடப் பாகுபாட்டு அளவுகோல் இப்படித்தான் அமைந்திருக்கிறது. மற்றவர்களைவிடக் குறைந்த மரியாதையோடு நடத்துகிறார்களா, கடையில் சேவை மோசமாகக் கிடைக்கிறதா, அறிவில்லாதவர் போல நினைக்கிறார்களா, உங்களைப் பார்த்துப் பயப்படுகிறார்களா, நேர்மையற்றவர் என்று நினைக்கிறார்களா என்பது போன்ற ஒன்பது கேள்விகள். எத்தனை முறை நடக்கிறது என்றும் கேட்கிறது. இனம், பால் என்ற சொல்லே அதில் வராது. எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான், இதற்குக் காரணம் என்னவென்று நினைக்கிறீர்கள் என்று கேட்கிறது. நடந்ததைச் சொல்ல யாரும் முதலில் தன் மீது முத்திரை குத்திக்கொள்ள வேண்டியதில்லை.

ஆக, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். படிவத்தின் முதல் பக்கத்தில் கட்டங்கள் வேண்டாம். வெற்றுத் தாள் வையுங்கள். எழுத முடியாதவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதட்டும், எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டட்டும். கட்டங்கள் இரண்டாம் பக்கத்துக்குப் போகட்டும். அங்கே ‘ஒன்றை மட்டும்’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘பொருந்தும் எல்லாவற்றையும், தெரியாவிட்டால் விட்டுவிடலாம்’ என்று எழுதுங்கள். ஒப்பீட்டுக்கு ஆள் தேடும்போது, அவரைத் துண்டு துண்டாக ஒப்பிடுவதை நிறுத்துங்கள். ஒப்பிட ஆள் இல்லையென்றால் அதையே கோப்பில் எழுதுங்கள். அந்த இடத்தில் அவர் ஒருவர்தான் அப்படி இருக்கிறார் என்பதே ஒரு தகவல். ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகப் பரப்பிவைத்துப் பாருங்கள். அதே மேற்பார்வையாளரின் பெயர் எத்தனை கோப்பில் இருக்கிறது என்று பாருங்கள். பதிவேட்டை அலமாரியிலிருந்து நீங்களே எடுங்கள், அவரை எடுத்துவரச் சொல்லாதீர்கள்.

குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எல்லோரும் வாசலில் நிற்காமல் உள்ளே வந்தவர்களாக இருந்தால், நிறுத்தப்பட்ட ஒருவரையாவது கூட்டி வந்து உட்காரவையுங்கள். ஆனால் அவர் தலையில் அந்தச் சமூகம் முழுவதையும் ஏற்றிவைக்காதீர்கள். எங்கள் இளைஞரை அப்படித்தான் நாங்கள் களைப்படைய வைத்தோம். எந்தப் புகார் வந்தாலும் “நீங்க சொல்லுங்க, இது உங்க ஆளுங்க விஷயம்” என்போம். கடைசியில் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். நிலுவையில் கிடந்த வேலை அதிகம் என்று காரணம் எழுதிக் கொடுத்தார், நாங்களும் அதை நம்பினோம்.

அந்தப் பெண்மணியை ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை பார்த்தேன். புகாரைப் பற்றி நானாகவே பேச்செடுத்தேன். எங்கள் முடிவு தப்பு என்றேன். அவர் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு, “நீங்க அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்கவே இல்லையே தம்பி, எதுல டிக் போடறதுன்னுதானே கேட்டீங்க” என்றார். அப்புறம் அவராகவே சொல்லத் தொடங்கினார். முதல் நாளிலிருந்து. எந்தத் தளம், எந்த மாதம், மேற்பார்வையாளர் என்ன சட்டை போட்டிருந்தார், பக்கத்தில் யார் நின்றார்கள் என்பது வரைக்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார். அதில் இரண்டு பேரின் பெயர் வந்தது. இருவரும் நேரில் பார்த்தவர்கள், இருவரும் அப்போது எங்கள் கட்டடத்திலேயே வேலை செய்துகொண்டிருந்தார்கள். நாங்கள் அவர்களைக் கூப்பிடவே இல்லை.

இப்படிக்கு,
முன்பு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர்